அண்டாவின் அடியில் பாசி

இசைவாணி மேடத்தைப் போல நடந்து காட்டினால் பல்லிகூடச் சிரிக்கும் என்பது சுபாஷின் நம்பிக்கை. அன்று காலை பரிசோதனைக் கூடத்தில் அவனையும் சுவரில் ஒரு பல்லியையும் விட்டால் வேறு ஆளில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டினான். மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கினான். "தண்ணி பொய் சொல்லாது சுபாஷ், மனுஷன்தான் சொல்வான்" என்று அவள் குரலிலேயே சொல்லிவிட்டு விறைப்பாகத் திரும்பினான். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த முழங்கை, மூடி திறந்திருந்த அயோடின் பாட்டிலைப் போய் நலம் விசாரித்தது.

பல்லி சிரிக்கவில்லை. ஓடிவிட்டது.

கிருமிக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காக வைத்திருந்த அயோடின் அது. மேஜை ஓரத்தில் நாலு கண்ணாடிக் குவளைகளில் நாலு பேருடைய தண்ணீர் வரிசையாக இருந்தது. சிந்திய அயோடின் ஒன்றையும் விடாமல் நாலிலும் தெறித்தது. ஒரு கல்யாண மண்டபத்து போர் தண்ணீர், ஒரு பள்ளிக்கூடத்துத் தொட்டித் தண்ணீர், ஒரு கேன் கம்பெனித் தண்ணீர். மூன்றும் டீக்கடை டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தன. நாலாவது மட்டும் மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி கருநீலமாகிவிட்டது.

அந்த நாலாவதுதான் பச்சையம்மாள் குட்டையின் தண்ணீர். கச்சிராயபாளையத்தில் நேற்று, திங்கட்கிழமை விடியும்போது மீனெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்த குட்டை. அந்த வழக்கில் இருந்த ஒரே சாட்சி இந்தக் குவளைதான். சாட்சியின் முகத்தில் மை பூசியாயிற்று.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சுபாஷ் நாலாவது குவளையை எடுத்து காலண்டருக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தான். காலண்டர் ஒரு தாள் கனம், குவளை ஒரு சாண் உயரம்.

"அது என்ன காலண்டருக்கு வயிறு வந்திருக்கு?" என்றாள் இசைவாணி.

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவளுடைய நீர்ப் பரிசோதனைக் கூடம். போர்டில் 'தண்ணீர் பரிசோதிக்கப்படும்' என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் கிணற்றில் யார் என்ன கலந்தது, எந்த ஓட்டல் எந்த ஏரியில் குடம் முக்கியது என்று தண்ணீரைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்ற பேச்சு சுற்றுவட்டாரத்தில் பரவி, போலீசுக்குப் போக வெட்கப்படுகிறவர்கள் எல்லாம் பாட்டிலோடு படியேறி வந்தார்கள். சுபாஷ் அவளுக்கு உதவியாள். பேரில் ஒரு எழுத்து மாறினால் சபாஷ். சேர்ந்த நாளிலிருந்து அந்த ஒரு எழுத்தை மட்டும் அவள் மாற்றியதில்லை.

"மேடம், ஒரு சின்ன விபத்து. உயிர்ச்சேதம் இல்ல."

இசைவாணி குவளையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். திட்டுவாள் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இதுல வேற என்ன ஊத்தினே?"

"சத்தியமா அயோடின் மட்டுந்தான் மேடம்."

"எட்டாங்கிளாஸ்ல சோத்து மேல அயோடின் ஊத்தினா என்ன ஆகும்னு சொல்லிக் குடுத்தாங்க?"

"அப்புறம் அந்த சோத்த துன்ன முடியாதுன்னாங்க."

"நீலமாகும்டா. சோறு, கிழங்கு, மாவு, எல்லாமே அயோடின் பட்டா நீலமாகும். மீன் குட்டைத் தண்ணி ஏன் நீலமாச்சு?"

சுபாஷ் கண்ணைத் திறந்தான். அவள் முகத்தில் கோபம் இல்லை. தூண்டில் மிதவை ஒரு தடவை முங்கி எழுந்ததைப் பார்த்தவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

கிருமி வளர்க்கும் தட்டுகளை அவள் அலமாரியிலிருந்து எடுத்தாள். பச்சையம்மாள் குட்டைத் தட்டில் ராத்திரியோடு ராத்திரியாகத் திருவிழாக் கூட்டம் கூடியிருந்தது. மூடியைத் துளி திறந்ததும் புளித்த வாடை வந்தது. நேற்றுக் குட்டைக்கரையில் மீட்டரை விட்டுப் பார்த்தபோது தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கவேண்டிய அளவில் கால்வாசிகூட இல்லை. அதை அப்போதே இருவரும் பார்த்திருந்தார்கள். காரணம்தான் தெரியாமல் இருந்தது.

"விஷம் இல்ல," என்றாள் இசைவாணி. "யாரோ குட்டைக்கு விருந்து போட்டிருக்காங்க. கிருமி பூரா பந்தியில உட்கார்ந்து தின்னு, தண்ணியில இருந்த காத்தை உறிஞ்சிடுச்சு. மீன் மூச்சு முட்டிச் செத்திருக்கு."

"அப்ப மேடம், நான் கொட்டுனது..."

"வேலை செஞ்சு கண்டுபிடிக்காததை வேலையைக் கெடுத்துக் கண்டுபிடிச்சிருக்கே. கீழ துடை."

அந்த ஒரு எழுத்து இன்றைக்கும் மாறவில்லை.

*

போன மாதமும் குட்டைத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொண்டுவந்திருந்த பச்சையம்மாள், இன்று பத்து மணிக்கு வந்தாள். ஐம்பது தாண்டிய உடம்பு, அழாத கண். மீன் செத்ததற்கு அவள் ஒரு சொட்டு விடவில்லை என்று ஊரே பேசிக்கொண்டது. குழி வெட்டி, கட்லாவும் ரோகுவுமாகக் கூடை கூடையாகக் கொட்டி மூடிவிட்டு, குளித்துத் தலை துவட்டிக்கொண்டு டிவிஎஸ் வண்டியை எடுத்துவிட்டாளாம். இன்றைக்குத்தான் மீன் பிடிப்பதாக இருந்தது. லாரிக்குச் சொல்லியாயிற்று.

"பேரு இன்னாம்மா?" என்றாள் வந்ததும்.

"யார் பேரு?"

"என் குட்டையக் கெடுத்தவன் பேரு. தண்ணியப் பாத்தா தெரியும்னாங்களே."

"சனிக்கிழமையிலேர்ந்து தீனி போட்டீங்களா?"

"புடிக்கறதுக்கு முன்னால ரெண்டு நாளு பட்டினி போடணும்மா. வயிறு காலியா இருந்தாத்தான் லாரியில தாங்கும். நானு ஒரு கை புண்ணாக்கு ஜாஸ்தி வுழுந்தாலே சும்மா வுடமாட்டேன். என்கிட்ட போயி தீனி போட்டியான்றியே."

அப்படியானால் மாவு வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது. இசைவாணி இதை மனசுக்குள் வைத்துக்கொண்டாள். சுபாஷுக்கு அப்படி வைத்துக்கொள்ள இடம் கிடையாது.

"தண்ணியில மாவு இருக்குதும்மா," என்று சொல்லிவிட்டான்.

இசைவாணி அவனைப் பார்த்தாள். அதற்குள் பச்சையம்மாள் எழுந்தாயிற்று.

"மாவா. அப்ப தீனதயாளன்தான்."

தீனதயாளன் அவள் புருஷனுக்குப் பங்காளி. குட்டைக்கு மேல்புறம், வாய்க்காலை ஒட்டி, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்கு மாவு மில் வைத்திருக்கிறான். கல்வராயன் மலையிலிருந்து லாரி லாரியாகக் கிழங்கு இறங்கி, அரைபட்டு, வெள்ளை வெளேரென்று அவன் களத்தில் காயும். வாய்க்கால் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று பல வருடம். அவள் புருஷன் காரியத்துக்குக்கூட அவன் தெருக்கோடியில் நின்று பார்த்துவிட்டுப் போனவன்.

"அவசரப்படாதீங்க," என்றாள் இசைவாணி.

"அவசரமே படல. சாங்காலம் வரிக்கும் டைம் கீது. மில்லு பொம்பளைங்க வூட்டுக்குப் போனதும் அவன் கெயங்குக் கொல்லைக்கு மோட்டார் போடுவான். தொட்டியிலேர்ந்து சொட்டுநீரு அப்படியே ஓடும். நானு வாங்கியாந்துட்டேன்."

சுபாஷ் ஜன்னல் வழியே கீழே பார்த்தான். டிவிஎஸ் வண்டியின் முன்பக்கம், புடவைக் கடைப் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கேனின் கழுத்து எட்டிப் பார்த்தது. களைக்கொல்லி. ஒரு கேன் தொட்டியில் இறங்கினால் காலைக்குள் அத்தனை கிழங்குச் செடியும் கருகிவிடும்.

"யம்மா, மில்லுல வேல செய்யறவங்க குடிக்கறதுக்கும் அந்தத் தொட்டியிலதானே புடிப்பாங்க? காலையில வந்து புடிச்சாங்கன்னா?"

"குடிக்காம இருக்கட்டும். அவன் என் தண்ணியக் கெடுத்தான், நானு அவன் தண்ணியக் கெடுக்கறேன். அதுல யாரு வந்து வாய வெச்சா நானு இன்னா பண்றது?"

சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. அரிசி விலை சொல்கிற குரல். சுபாஷுக்கு நாக்கில் வந்த ஜோக் ஒன்று அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டது.

"பொழுது சாயறதுக்குள்ள பேர் சொல்றேன்," என்றாள் இசைவாணி. "அதுவரைக்கும் கேன் பைக்குள்ளேயே இருக்கணும்."

"சாஞ்சப்புறம் நானு கேக்கமாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் பச்சையம்மாள் படியிறங்கினாள்.

*

கச்சிராயபாளையம் போகிற வழியெல்லாம் ஆடி மாதம் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தது. எங்கே பார்த்தாலும் வேப்பிலைத் தோரணம், மஞ்சள் புடவை. மலைமேல் மழை மேகம் இறங்கியிருந்தது. பரிசோதனைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இசைவாணியின் ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சுபாஷ், ஒரு கோயிலடியில் கூழ் ஊற்றுவதைப் பார்த்து ஏக்கமாகத் தலையைத் திருப்பினான்.

"மேடம், ஒரு சொம்பு. ஒரே ஒரு சொம்பு."

"கொலைகாரனைப் பிடிச்சப்புறம்."

"செத்தது மீனு மேடம். கொலைகாரனுக்கும் மீனவனுக்கும் அப்புறம் இன்னா வித்தியாசம்?"

இந்தப் பக்கத்து மனிதர்களிடம் ஒரு கேள்விக்கு நேரான பதில் வாங்குவது எளிதல்ல. சுபாஷும் இதே மண்ணில் பிறந்தவன்தான், அவனுக்கே முடிவதில்லை. இந்த வழி மில்லுக்குப் போகுமா என்று ஒருவரைக் கேட்டான். "யாரைப் பாக்கணும்?" என்றார். தீனதயாளனை என்றான். "அவரு உனக்கு இன்னா ஆவணும்?" என்றார். ஒன்றும் ஆகவேண்டாம் என்றான். "அப்புறம் எதுக்குப் போற?" என்றார். நியாயமான கேள்வியாகவே பட்டது.

மில் களத்தில் மாவு காய்ந்துகொண்டிருந்தது. கொட்டகைக்குள் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து கிழங்குத் தோல் சீவினார்கள். தீனதயாளன் நாற்காலியில் இருந்து எழவில்லை.

"அவ மீனு செத்துப்பூட்டுதாமே. காதுல தேனு வந்து வுழுந்துச்சு," என்றான். "நானு ஒரு டீ ஜாஸ்தி குடிச்சேன் நேத்து."

"உங்க மில் மாவுதான் குட்டையில விழுந்ததுன்னு சொல்றாங்க," என்றாள் இசைவாணி.

"வுழுந்திருந்தா சந்தோஷந்தான். ஆனா நானு வுடலியேம்மா. நானு கெடுக்கணும்னா பட்டப்பகல்ல, அவ கண்ணு முன்னால நின்னு கெடுப்பேன். அவளுக்குத் தெரியாம கெடுத்தா எனக்கு அதுல இன்னா சொகம்?"

சுபாஷுக்கு இது உண்மை என்று பட்டது. இவ்வளவு சுத்தமான பகையை அவன் பார்த்ததில்லை. இசைவாணி களத்திலிருந்து ஒரு கை மாவை அள்ளி, ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, வரப்பில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

சுபாஷுக்குத் தாகம் எடுத்தது. கொட்டகை ஓரத்தில் தோல் சீவிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து, தொட்டிக் குழாயில் செம்பை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். நாற்பது வயது இருக்கும். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தாள்.

"உங்க பேரு இன்னாக்கா?"

"பேரக் கேட்டுத்தான் தண்ணி குடிப்பியா தம்பி?"

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். "இருசம்மா. போன மாசம் வரிக்கும் குட்டைக்கார அம்மாகிட்ட இருந்துச்சு. கூலி போதலன்னு இங்க வந்துருச்சு."

"அப்படியாக்கா? ஞாயித்துக்கெயம குட்டப் பக்கம் எதுனா பாத்தீங்களா?"

"ஏன், நீ மீனு வாங்க வந்தியா?" என்று சொல்லிவிட்டு இருசம்மாள் மறுபடி கிழங்கின் முன்னால் உட்கார்ந்தாள்.

சுபாஷ் பாதிச் செம்பு குடித்தபிறகுதான் அது எந்தத் தொட்டித் தண்ணீர் என்பது உறைத்தது. சாயங்காலம் பச்சையம்மாளின் கேன் இறங்கப்போகிற தொட்டி. கொட்டகை முழுவதும் செம்புகள். மீதியை மெதுவாகக் கீழே ஊற்றினான்.

இதற்குள் டம்ளரில் மாவெல்லாம் அடியில் வெள்ளைக் கட்டியாகப் படிந்துவிட்டது. மேலே தெளிந்த தண்ணீரைக் கொஞ்சம் இன்னொரு டம்ளரில் இறுத்து, இசைவாணி ஒரு சொட்டு அயோடின் விட்டாள். பழுப்பாகவே இருந்தது. நீலம் வரவில்லை.

"உங்க வேட்டிக்குக் கஞ்சி போடறாங்களா?" என்று தீனதயாளனைக் கேட்டாள்.

"பொஞ்சாதி போடுவா. அதுக்கும் கேசா?"

"மாவைப் பச்சையாக் கரைச்சுப் போடுவாங்களா?"

"காய்ச்சித்தான் போடுவாங்க. பச்ச மாவு எப்படிம்மா துணியில புடிக்கும்?"

"நன்றிங்க," என்று அவள் கிளம்பிவிட்டாள்.

ஸ்கூட்டரில் ஏறியதும் சுபாஷ் கேட்டான். "அவரு வேட்டி எப்படி மேடம் சாட்சி சொல்லுச்சு?"

"பச்சை மாவு தண்ணியில கரையாது, அடியில உட்கார்ந்துடும். நாம எடுத்தது குட்டையோட மேல் தண்ணி. அது நீலமாச்சுன்னா மாவு கரைஞ்சிருக்கு. கரைஞ்சிருக்குன்னா அது வெந்த மாவு. மில்லுல அரைக்கிறாங்க, வேகவைக்கல."

"அப்ப யாரோ சமைச்சிருக்காங்க."

"குட்டை நிறைய."

*

குட்டைக்கரையில் தவளைகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. இசைவாணி நின்று கேட்டாள்.

"இதுங்க மூக்கைத் தண்ணிக்கு வெளியில வெச்சு மூச்சு விடுறதுங்க. அதான் பிழைச்சிருக்கு. விஷம்னா இதுங்க கச்சேரி நடக்காது."

கரையை ஒட்டியே வேப்பமரத்தடியில் சின்ன மாரியம்மன் கோயில். அதன் முன்னால் கல் கூட்டிய அடுப்புகள் வரிசையாகக் கருகிக் கிடந்தன. வாடிய தோரணம் காற்றில் ஆடியது. சுபாஷ் சாம்பலைக் காலால் தள்ளினான்.

"இங்கயும் கூழு ஊத்திருக்காங்க மேடம். எனக்குத்தான் குடுத்து வெக்கல." சொல்லிவிட்டு அவனே நின்றான். கூழ். கேழ்வரகு மாவைப் புளிக்க வைத்து, நொய் போட்டு, அண்டா அண்டாவாகக் காய்ச்சுவது. வெந்த மாவு, புளித்த வாடை. காலையில் தட்டைத் திறந்தபோது மூக்கில் ஏறிய அதே வாடை.

"மேடம்."

"நானும் அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். கூழைக் குடிப்பாங்க, கொட்ட மாட்டாங்க. இது ஏன் கொட்டிச்சு?"

அத்தனை அண்டா யாரிடமும் சொந்தமாக இருக்காது. கச்சிராயபாளையத்தில் அண்டா வாடகைக்குக் கிடைப்பது சின்னக்கண்ணுவின் கடையில்தான். அவர் வாசலில் உட்கார்ந்து ஒரு அண்டாவின் அடியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கத் தேய்க்கப் பச்சையாக வந்தது.

"இன்னாங்க இது, அண்டா பச்சக் கலரு?" என்றான் சுபாஷ்.

"உனக்கு எத்தினி அண்டா வேணும்?"

"வேணாங்க. இது இன்னான்னு கேட்டேன்."

"கூழு அண்டா எப்படி வரும் தெரியுமா? வழிச்சு நக்குன மாதிரி வரும். கரண்டி தேஞ்சிருக்கும். இந்த ஆறும் வந்த லட்சணத்தப் பாரு. உள்ள கூழு காஞ்சு ஒட்டிக்கினு கீது, வெளிய அடியில பாசி. குளத்துல எறக்கிக் கழுவுனாங்களா, இல்ல அண்டாவே நீச்சல் கத்துக்கிச்சா?"

இசைவாணி குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். குட்டைக்கரைப் படியில் இருந்த அதே பாசி.

"யார் வீட்டுக் கூழுங்க?" என்றாள்.

"யாரு வூட்டுதா இருந்தா இன்னாம்மா?"

"நல்லா இருந்துச்சான்னு கேக்கலாம்னு."

"அத குடிச்சவங்களப் போயி கேளு."

"யாரு குடிச்சது?"

சின்னக்கண்ணு நாரைக் கீழே வைத்தார். முதல்தடவையாக அவர் முகத்தில் கடைக்காரன் போய் மனுஷன் வந்தான். "அதான் கேளுன்றேன்," என்றார்.

சுபாஷ் திரும்பி நடந்தான். ஆறு அண்டா கூழ் காய்ச்சி, அம்மனுக்குப் படைத்து, மரத்தடியில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிட்டு, ஒருவர்கூடச் சொம்பை நீட்டவில்லை என்றால் அந்த வீட்டில் அன்று என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். அவனுக்கு அந்த நினைப்பில் ஜோக் எதுவும் கிடைக்கவில்லை.

"மேடம், அந்த இருசம்மாக்கா கையில வேண்டுதல் மஞ்சக் காப்பு."

"தெரியும். நீ தண்ணி குடிச்சப்பவே பார்த்தேன்."

*

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கும்போது பச்சையம்மாள் குட்டைக்கரையில் டிவிஎஸ் வண்டியோடு நின்றாள். பை அவள் கையில் இருந்தது. மில் தொட்டி அங்கிருந்தே தெரிந்தது.

"பேரச் சொல்லும்மா. பொம்பளைங்க வெளிய வந்துக்கினு இருக்காங்க."

"முதல்ல கேனைக் குடுங்க. கேனுக்குப் பேர்."

பச்சையம்மாள் அவளை முறைத்தாள். பிறகு பையை நீட்டினாள். சுபாஷ் வாங்கி, பாம்பைப் பிடித்த மாதிரி கை நீளத்துக்குத் தள்ளி வைத்துக்கொண்டான்.

"தீனதயாளன் இல்ல," என்றாள் இசைவாணி. "உங்க குட்டையில விழுந்தது கூழு. ஆறு அண்டா."

"கூழா? மனுஷன் குடிக்கறத எவன்மா குட்டையில கொட்டுவான்?"

"கொட்டியிருக்காங்க. அவ்வளவும் தண்ணியில புளிச்சு, காத்து இல்லாம செத்துச்சு. ஞாயித்துக்கிழமை இந்தக் கோயில்ல கூழ் ஊத்தினப்ப நீங்க வந்தீங்களா?"

பச்சையம்மாள் முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள், மறுபடி எடுத்தாள்.

"வந்தீங்க," என்றாள் இசைவாணி. "வந்து என்ன சொன்னீங்க?"

"நீங்க சொன்னதத்தான் சொன்னேன். போன மாசம் என் தண்ணியப் பாத்துட்டு இந்தத் தம்பிதானே படிச்சுக் காட்டுச்சு, கிருமி கீது, குடிக்க ஆவாதுன்னு."

"மீனுக்கு ஆவும்னும் படிச்சேன்மா," என்றான் சுபாஷ் மெல்ல.

"அது எனக்கு எதுக்கு அங்க? எட்டு வருசம் என் சோத்தத் துன்னுட்டு அவன் மில்லுக்குப் போனா. போனவ என் குட்டக் கரையிலயே அடுப்பு கூட்டறா. என் குட்டத் தண்ணியில காச்சுன கூழு, கிருமி கீதுன்னு லேப்புலயே எழுதிக் குடுத்துட்டாங்கன்னு சொன்னேன். வரிசையில நின்னவங்க சொம்ப எடுத்துக்கினு போயிட்டாங்க. நானா போவச் சொன்னேன்?"

"அது குட்டைத் தண்ணியா?"

"பஞ்சாயத்துக் கொழாத் தண்ணி," என்றாள் பச்சையம்மாள். சொன்னபிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்த மாதிரி இருந்தது. "அவ பொண்ணு தனுஷா டைபாய்டுல கெடந்து பொயச்சுச்சு. அதுக்கு வேண்டிக்கினா." தண்ணீரைப் பார்த்தாள். "இருசா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பேரை நீங்களே சொல்லிட்டீங்க," என்றாள் இசைவாணி.

மில்லிலிருந்து வீட்டுக்குப் போகிற வழி குட்டைக்கரை மேல்தான். பெண்கள் வரிசையாகப் பேசிக்கொண்டு வந்தவர்கள், பச்சையம்மாளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு கடந்தார்கள். கடைசியில் தூக்கு வாளியோடு இருசம்மாள் வந்தாள். கரை குறுகல். ஒருத்தி ஒதுங்கினால்தான் இன்னொருத்தி போகலாம். இரண்டு பேரும் ஒதுங்கவில்லை.

"என் குட்டையில கூழ ஊத்துனியாடி?"

"குடிக்க ஆளில்லாத கூழ வேற எங்கம்மா ஊத்தறது?"

"மீனு அத்தினியும் செத்துப்பூட்டுது."

"கிருமி கீற தண்ணி ஆச்சே. நானு ஊத்துனதாலதான் செத்துச்சா?"

பச்சையம்மாளின் கை மேலே எழும்பியது. அந்தக் கை அப்படியே அறையாக இறங்கும், அப்புறம் ஸ்டேஷன், கேசு, வேலைக்குப் போகிறவளின் கூலி, படிக்கிற பெண் என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழும் என்று சுபாஷுக்குத் தெரிந்தது. கேனைக் கட்டிப்பிடித்தபடியே இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்தான்.

"யம்மா, கொஞ்சம் இருங்க. இது எப்படின்னா, மீனு ரெண்டு நாளா பட்டினி கெடந்துச்சு இல்ல? அக்காவுக்கு மனசு கேக்கல. மனுஷங்கதான் குடிக்கல, இதுங்களாவது துன்னட்டும்னு ஊத்திருப்பாங்க. எட்டு வருசம் வளத்த பாசம் இருக்கும் இல்ல? சாவும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" இருசம்மாள் பக்கம் திரும்பினான். கண்ணால் கெஞ்சினான். "அப்படித்தானேக்கா? தெரியாமத்தானே ஊத்துனீங்க?"

நல்ல கதை. காலையிலிருந்து அவன் செய்த உருப்படியான வேலை அதுதான். இசைவாணிகூடத் தலையைத் திருப்பிக்கொண்டு தவளைகளைக் கவனிப்பதுபோல நின்றாள். தண்ணீர் பொய் சொல்லாது, மனுஷன் சொன்னால் இந்த ஒரு தடவை பரவாயில்லை என்று அவள் முதுகு சொன்னது. பச்சையம்மாளின் கையும் பாதியில் நின்றிருந்தது. தெரியாமல் என்ற ஒரு வார்த்தை வந்துவிட்டால் அந்தக் கையைக் கீழே போட்டுவிடலாம், திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவளும் காத்திருக்கிற மாதிரிதான் இருந்தது.

இருசம்மாள் தூக்கு வாளியைக் கீழே வைத்தாள். மஞ்சள் காப்பை ஒரு தடவை திருகிவிட்டுக்கொண்டாள். பச்சையம்மாளைப் பார்க்கவில்லை. சுபாஷைத்தான் பார்த்தாள்.

"புண்ணாக்கு ஒரு கை ஜாஸ்தி வுழுந்தா தண்ணி கெட்டு, மீனு மூச்சு முட்டி சாவும்னு எட்டு வருசமா என்னைத் திட்டித் திட்டிச் சொல்லிக் குடுத்தது இந்தம்மாதான் தம்பி. ஒரு கைக்கே சாவும்னா ஆறு அண்டாவுக்கு இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா?"

மில் பக்கம் மோட்டார் போடும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சுதான் ஊத்துனேன்."